வருசம் பிறக்காத கொம்பியூட்டர்

விடிந்ததும் கண்ணகை முதலில் செய்வது கொம்பியூட்டரைப் போட்டு அதன் திகதியைப் பின்னுக்குத் தள்ளுவதுதான். முகம் கழுவுவதெல்லாம் அதற்குப் பிறகு. திரையின் மூலையில் தெரியும் நேரத்தை அமுக்கினால் சின்ன நாட்காட்டி ஒன்று திறக்கும். அதில் ஜூனை விட்டு ஏப்ரலுக்குப் போய், சித்திரை வருசத்துக்கு முந்திய ஏதாவது ஒரு நாளைத் தொட்டுவிட்டு மூடுவாள். மூடியபின் ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்ப்பாள். யாரும் இருக்க மாட்டார்கள். ஆனாலும் பார்ப்பாள்.

"என்ன, உன்ட கொம்பியூட்டருக்கு இன்னும் வருசம் பிறக்கல்லயா?" குசினிக்குள்ளிருந்து அவள் புருசன் அருமைநாயகம் கேட்டான்.

"பிறந்தாச் செத்துப்போகும்."

"நல்ல சாதகம்." தேத்தண்ணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "ஊருக்கெல்லாம் வருசம் பிறந்து ஆனியும் வந்திட்டு. களுதாவளையில கொடியும் ஏத்தியாச்சு. நீ இன்னும் பங்குனியில நிக்கிறாய்."

கண்ணகை சிரிக்கவில்லை. அவளுக்குத் தெரியும், அவன் கொடியேற்றத்தைச் சொன்னது கோயிலுக்காக அல்ல. களுதாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவின் கடைசி நாளான தீர்த்தத்துக்கு முதல் முடிவு சொல்லும்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் சொல்லியிருந்தார். டோஹாவில் ஒரு கொம்பனியில் பிற்றர் வேலை. விசா வந்துவிட்டது. பாஸ்போட்டும் அவரிடம்தான் கிடந்தது. அருமைநாயகம் ஓம் என்றால் விமான ரிக்கற் போடுவார்.

அவன் வாழைச்சேனைக் காகித ஆலையில் இயந்திரம் பொருத்தும் பிற்றராக இருந்தவன். களுவாஞ்சிக்குடியிலிருந்து வாழைச்சேனைக்குப் போகிற பாதையில் ஒரு நாள் குண்டு, ஒரு நாள் கடையடைப்பு, ஒரு நாள் சுற்றிவளைப்பு என்று வந்தபின் வேலைக்குப் போவது நின்றுபோனது. கண்ணகையின் வேலையும் அதே காலத்தில்தான் போனது. சுனாமி வீடுகள் கட்டவந்த ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில் அவள் படவரைஞராக இருந்தாள். சுனாமி வந்து இரண்டாம் வருசம், சண்டை மறுபடி மூளும்போல் இருந்த ஏப்ரல் மாதத்தில், அவர்கள் கல்லடியிலிருந்த அலுவலகக் கந்தோரைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது பழைய கொம்பியூட்டர் ஒன்றை அவளுக்குக் கொடுத்தார்கள். அதிலிருந்த வரைபட மென்பொருளைக் கொடுக்கவில்லை. அது நிறுவனத்தின் பெயரில் வாங்கியது என்று சொல்லி அழித்துவிட்டுத்தான் தந்தார்கள்.

அதன் விலையை விசாரித்தாள். அந்தப் பணத்துக்கு ஒரு வீட்டுக்கு ஓடு போடலாம். ஆனால் அதே மென்பொருளின் மாதிரிப் பதிப்பு ஒன்று இருந்தது. ஒரு மாதம் சும்மா பாவித்துப் பார்க்கலாம், பிறகு தானாகப் பூட்டிக்கொள்ளும். மாதம் முடிந்ததா என்பதை அது கொம்பியூட்டரின் நாட்காட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது என்பதைக் கண்ணகை கண்டுபிடித்த அன்று, பெரிய கெட்டிக்காரியைப் போல அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு திகதி நடந்தது.

"காத்தான்குடி வீட்டுப் பிளான் பாசாகினா நீங்க போக வேண்டியதில்ல எண்டு சொன்னனீங்க" என்றாள்.

"சொன்னன்."

"சொன்னதுக்கு மாறக் கூடாது."

"பாசாகட்டும் புள்ள. முதல்ல பாசாகட்டும்."

அவன் முற்றத்துக்கு இறங்கிப் போனான். இருந்த இடத்தில் இருக்க முடியாத ஆளாகிவிட்டான் இப்போதெல்லாம். வேலி கட்டுவான், கட்டின வேலியை அவிழ்த்து மறுபடி கட்டுவான். கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் விட்டே அதை வழுக்கப் பண்ணிவிட்டான். கண்ணகையும் அப்படித்தான். சுருட்டிய பிளானைப் பையில் வைத்தாள், எடுத்து விரித்துப் பார்த்தாள், திரும்பவும் சுருட்டினாள். பிறகு பஸ்சுக்கு ஓடினாள்.

*

பிளான் ஆயிஷா உம்மாவின் மகள் றம்லாவுக்கு. ஆயிஷா உம்மா காத்தான்குடியில் சாரம் நெய்கிற தறிகள் வைத்திருந்தவர். சுனாமி வேலையின்போது கண்ணகையைப் பழக்கம். கண்ணகையின் ஆட்களுக்கு உள்ள அதே வழக்கம்தான் அவர்களுக்கும். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை வருவது பெண்ணின் வீட்டுக்கு. ஆயிஷா உம்மா தன் வளவைப் பிரித்து ஒரு துண்டை மகளுக்கு எழுதிக்கொடுத்து, அதில் வீடு கட்டப் பிளான் கேட்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் அத்திவாரம் வெட்டிய பிறகுதான் கலியாண நாள் வைப்பார்களாம்.

பிளானைப் பாசாக்கும் நகரசபைக் கந்தோர் வாசலில் ஆயிஷா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டபடி நின்றார்.

"என்னகா இவ்வளவு சுணக்கம்? நான் வந்து மூணு தரம் நிழல் மாறித்து."

"ஆமி செக்பொயின்ற்ல இறக்கிப்போட்டாங்க உம்மா."

தொழில்நுட்ப உத்தியோகத்தர் அப்துல் மஜீத் பிளானை மேசையில் விரித்து நான்கு மூலைக்கும் நான்கு கோப்பு வைத்தார். அறைகளைப் பார்த்தார். குசினியைப் பார்த்தார். மதிலுக்கும் வீட்டுக்கும் இடைவெளியை அளவுகோல் வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். கண்ணகைக்கு மூச்சு வந்தது. பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தாளின் விளிம்போரம் மிகச் சின்ன எழுத்தில் ஓடிய ஆங்கில வரியைப் படிக்கத் தொடங்கினார்.

அந்த வரியைக் கண்ணகைக்குத் தெரியும். மாதிரிப் பதிப்பில் எதைப் பிறின்ற் எடுத்தாலும் விளிம்பில் அது வரும். இது மாதிரிப் பதிப்பில் கீறியது என்று ஒரு வசனம், அதன் பின்னால் கீறிய திகதி. சட்டைக்குள் தைத்திருக்கும் கொம்பனிப் பெயரைப்போல அதை ஒருவரும் படிக்கமாட்டார்கள் என்று நினைத்திருந்தாள்.

"தங்கச்சி, இந்தக் காணி எப்ப பிரிச்ச?"

"போன மாசம் சேர். சேவையர் வந்து அளந்தவர்."

"அப்ப இந்தத் துண்டு நம்பர்?"

"அதுவும் அப்பதான் விழுந்தது."

"மெய்தான். காணி உறுதியும் அப்படித்தான் சொல்லுது." விரலை விளிம்பில் வைத்தார். "ஆனா பிளான் ஏப்ரல் ஆறாந் திகதி எண்டு கிடக்கு. பொறக்காத நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்ச?"

கண்ணகையின் காது சுட்டது. கொம்பியூட்டரின் நாட்காட்டியைப் பற்றி அவருக்குச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது கெட்டிக்காரத்தனமாகத் தெரியவில்லை.

"நான் நம்புறன்" என்றார் அப்துல் மஜீத். "நான் நம்பி என்ன செய்ய? சுனாமிக்குப் பிறகு எத்தனை பேர் பழைய திகதி போட்டு பிளான் கொண்டுவந்தானுகள் தெரியுமா? இல்லாத ஊட்டுக்கெல்லாம் நட்டஈடு கேட்டு. கணக்குப் பாக்கிற ஓடிற்காரன் வந்தா சுவரப் பாக்கமாட்டான், முதல்ல இந்த விளிம்பத்தான் பாப்பான்."

"விளிம்ப வெட்டிப்போட்டுத் தரட்டா சேர்?"

"வெட்டின தாளுக்கு இன்னொரு கேள்வி வரும். நாளைக்கிப் பத்து மணிக்கிக் கமிட்டி. அதுக்கு முதல் ஒழுங்கான திகதியோட கொண்டாங்க. உட்டா அடுத்த மாசந்தான்."

வெளியே வந்ததும் ஆயிஷா உம்மா படியிலேயே நின்றுவிட்டார்.

"வயசக் கொறச்சிச் சொல்ற பொம்புளயளக் கண்டிரிக்கன். வயசக் கொறைக்கிற மிசின இண்டைக்கித்தான்கா காணுறன்."

"உம்மா, நான்..."

"மாப்புள ஊட்டுக்காரனுக்கு நான் என்னத்தச் சொல்ற? காணித்துண்டு பொறக்க முந்தியே பிளான் பொறந்தித்து எண்டா?" கோபமாகத் தொடங்கியவர் கண்ணகையின் முகத்தைப் பார்த்ததும் குரலைக் குறைத்தார். "என்ட தங்கச்சிர ரெண்டு புள்ளைக்கும் நீதான் கீறணும் எண்டு சொல்லிவெச்சிரிக்கன். என்ட வாயப் பொய்யாக்கிப் போடாத. நாளைக்கிக் கொண்டுவா."

*

மீராசாஹிப்பின் கொம்பியூட்டர் கடை அதே வீதியில்தான். பெரிய தாளில் பிறின்ற் எடுக்க அவள் வழக்கமாக வருவது அங்கேதான். அண்ணன் முறையில் அவள் காக்கா என்று கூப்பிடும் மீராசாஹிப் ஒரு பழைய பிறின்றரின் வயிற்றைத் திறந்துவைத்துக்கொண்டு அதற்குள் ஊதிக்கொண்டிருந்தார்.

"காக்கா, இந்த வரிய எடுக்க வழி இல்லயா?"

தாளை வாங்கிப் பார்த்தார். "ஏலா. மாதிரியில ஒரு சுவர் கீறினாலும் காணும். பொறகு அத ஒரிஜினல்ல கொண்டுபோய்த் தொறந்தாலும் இந்த வரி வரும். பச்ச குத்தின மாதிரி."

"அப்ப முதல்ல இருந்து கீறணும்."

"முதல்ல இருந்துதான்."

கண்ணகை அங்கே கிடந்த மரவாங்கில் இருந்தாள். எழுந்தாள். சுவரில் தொங்கிய நாட்காட்டி அவளை வேண்டுமென்றே பார்ப்பதுபோல் இருந்தது.

மீராசாஹிப் மேசை லாச்சியை இழுத்து ஒரு சீடியை மேசையில் போட்டார். "உனக்குப் பழகின சாமான். முழுசா இரிக்கி. களவுப் பிரதி. தேத்தண்ணிக் காசு தந்தாக் காணும்."

"ஓடுமா?"

"ஓடும். நிக்கிற அண்டைக்கி நிக்கும். போன கிழமை ஒரு இஞ்சினியர்ர மிசின்ல இத எறக்கினன். வைரஸ் வந்து அவர்ர கலியாணப் படமெல்லாம் போச்சி. அந்தாள் பேசாமப் போயித்தார். பொஞ்சாதி மட்டும் இன்னும் என்னக் கண்டா அந்தப் பக்கம் திரும்பித்துப் போறா."

"ஏன் மறுகா அத விக்கிறீங்க?"

"ஆர் விக்கிற? கேக்கிற ஆக்களுக்குக் குடுக்கிறன்." அவர் இன்னொரு லாச்சியைத் திறந்தார். "மெய்யா விக்கிற சாமான் இது."

அதை அவள் முன்னமே பார்த்திருக்கிறாள். ஒரு சின்னக் கொம்பனி செய்த மென்பொருள். மீராசாஹிப்பின் தம்பி டோஹாவிலிருந்து வாங்கி அனுப்பியது, நம்பரோடு, பற்றுச்சீட்டோடு. றம்லாவின் பிளானுக்குக் கிடைக்கும் கூலிக்குள் அதன் விலை அடங்கிவிடும். இரண்டு மாதத்துக்கு முதல் அவர் இதைக் காட்டியபோது, "இது பள்ளிப்பிள்ளை கீறுற சாமான் காக்கா" என்று சிரித்திருந்தாள்.

"இதில கூரையச் சுத்தித் திருப்பிப் பாக்க ஏலாதே" என்றாள் இப்போதும்.

"ஆயிஷா உம்மா கூரையத் திருப்பிப் பாக்கப்போறாவா? அவ மழ ஒழுகுமா எண்டுதான் கேப்பா."

"எழுத்தும் வடிவில்ல."

"ஓம். எழுத்து கோழி கிளறின மாதிரித்தான்."

கண்ணகை தன் பிளானைப் பார்த்தாள். சுவர், கதவு, ஜன்னல், அளவு. இந்த இரண்டு மாதமும் அவள் தொட்டது அவ்வளவைத்தான். பெரிய மென்பொருளில் மிச்சமாக இருந்த நூற்றுக்கணக்கான பொத்தான்களில் அவள் கை வைத்ததே இல்லை. ஆனால் அவை அங்கே வரிசையாக இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. காலையில் அந்தத் திரை திறக்கும்போது கல்லடிக் கந்தோரின் குளிர், பக்கத்து மேசைச் சிரிப்பு, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை எல்லாம் திரும்பி வந்தன. அவற்றுக்காகத்தான் தினமும் நாட்காட்டியைப் பின்னுக்குத் தள்ளினாளோ என்னவோ.

"காக்கா, இதுக்குத் திகதிய மாத்தணுமா?"

மீராசாஹிப் அவளை விளங்காமல் பார்த்தார். "வாங்கின சாமானுக்கு ஏன் மாத்திற?"

"தாங்க" என்றாள். ஆயிஷா உம்மா தந்த முற்பணத்தை எண்ணி வைத்தாள். காசு போய்விட்டது. நாளைக்குக் காலைக்குள் பழகாத கருவியில் ஒரு வீடு. பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்து போகாமல் ஓடினாள்.

செக்பொயின்ற்றில் ஓர் இளம் ஆமிக்காரன் தாளைச் சந்தேகத்தோடு விரித்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். "மேக்க மொக்கத?"

"கெதர பிளான், மாத்தயா. கெதர." வீடு என்றாள் அவன் மொழியில்.

அவன் தலையைச் சரித்து அறைகளை எண்ணினான். குசினியில் விரலை வைத்து, "பொடி" என்றான். சின்னது. அவனுடைய அம்மாவின் குசினி இதைவிடப் பெரியது என்று கையை விரித்துக் காட்டினான். பின்னால் நின்ற சார்ஜன்ட் அதட்டியதும் முகத்தை இறுக்கிக்கொண்டு தாளைத் திருப்பிக் கொடுத்தான்.

*

வீட்டுக்கு வந்தபோது அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேஸ் கீழே விறாந்தையில் திறந்து கிடந்தது. அருமைநாயகம் அதை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏன் இத இறக்கினனீங்க?"

"சும்மா. பூஞ்சணம் பிடிச்சிருந்த."

"சும்மா இறக்குவீங்களா?"

அவன் சூட்கேஸின் மூடியைத் துடைத்தான். அவள் நடந்ததைச் சொன்னாள். நின்றபடியே, செருப்பைக் கழற்றாமலே சொன்னாள். அவன் துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, கை துடைத்தபடி உள்ளே வந்தான்.

"எவ்வளவு நேரம் வேணும்?"

"எனக்கென்ன தெரியும்? இத நான் தொட்டும் பாத்ததில்ல."

"கறண்ட் இரிக்கக்குள்ள தொடங்கு. அளவ நான் வாசிக்கிறன்."

அவன் முக்காலி ஒன்றை இழுத்துப்போட்டுக்கொண்டு, திரும்பி வந்த பிளானை மடியில் விரித்தான். கண்ணகை சீடியைப் போட்டாள். நம்பரை அடித்தாள். வெள்ளைத் திரை ஒன்று திறந்தது. ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு பொத்தான்கள் மட்டும். அவளுக்கு வெறும் வீட்டுக்குள் வந்ததுபோல் இருந்தது.

"முன் அறை. பதினொரு அடி."

பதினொன்று என்று அடித்தாள். திரையில் ஒன்றும் வரவில்லை. இன்னொரு தரம் அடித்தாள். கிட்டப் போய்ப் பார்த்தால் நடுவில் ஒரு புள்ளி.

"இதென்ன?"

"சுவர்."

"மாப்பிள்ள எறும்பா?"

மென்பொருள் அவளுடைய பதினொரு அடியைப் பதினொரு மில்லிமீற்றராக எடுத்திருந்தது. அடிக்கு மாற்றும் இடத்தைத் தேடித் தேடி அவளுக்கு அழுகை வந்தது. பெரிய மென்பொருளில் கண்ணை மூடிக்கொண்டு கை போகும் இடம் இங்கே வேறெங்கோ இருந்தது. அவன் பலகாரம் தேடுகிற பிள்ளைபோல் ஒவ்வொரு பட்டியலாக எட்டிப் பார்த்தான். கடைசியில் அவள்தான் கண்டாள். புள்ளி விரிந்து சுவராகியது.

"பதினொரு அடி" என்றான் மறுபடியும், இந்தத் தரம் கொஞ்சம் சத்தமாக.

வேலை ஓடத் தொடங்கியது. அவன் வாசித்தான், அவள் கீறினாள். விறாந்தை வந்தது, ஹோல் வந்தது. வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கமிருந்து கனமான வெடிச்சத்தம் ஒன்று வந்து ஜன்னல் கண்ணாடியை உலுக்கிவிட்டுப் போனது. இருவரும் நிமிரவில்லை. அடுத்த சத்தத்துக்கு யூ.பீ.எஸ் கீச்சிட்டது, மின்விசிறி நின்றது, கண்ணகை பதறி அடித்துச் சேமித்தாள். விசிறி திரும்பச் சுற்றியது.

"இதென்ன, மதிலுக்குள்ள ஓட்டை? கீறக்குள்ள கை தப்பின மாதிரிக் கிடக்கு."

"அது கடப்பு. உம்மாட வளவுக்கும் றம்லாட வளவுக்கும் நடுவில. ரோட்டுக்கு இறங்காம போய்வாறதுக்கு. அத மட்டும் மறக்காத எண்டு உம்மா எத்தன தரம் சொன்னவ."

"கலியாணம் முடிச்ச பிறகும் உம்மாட வீட்டுக்கு வாசலா?"

"ஏன், நீங்களும் வந்தது பொஞ்சாதிர வீட்டுக்குத்தானே?"

பகிடியாகத்தான் சொன்னாள். அவன் முகம் மாறியது. மடியிலிருந்த தாளை நிமிர்த்தி நீவினான்.

"அதத்தான் சொல்றன் புள்ள. வந்தவன் சும்மா இரிக்கேலாது. சந்தையில என்னக் கண்டா என்ன சொல்றானுகள் தெரியுமா? கொம்பியூட்டரம்மாட ஊட்டுக்காரன் வாறான் எண்டு. நீ கீற, நான் தேத்தண்ணி போட. எவ்வளவு நாளைக்கி?"

"ஆரு உங்களத் தேத்தண்ணி போடச் சொன்ன?"

"வேற என்ன செய்ய?"

கண்ணகை மவுசை விட்டுவிட்டுத் திரும்பினாள். "ஆயிஷா உம்மாட வளவ நான் எப்படி அளந்தன் தெரியுமா? டேப்பிர மற்ற நுனிய உம்மா பிடிச்சவ. ரோட்டில ஆரும் தெரிஞ்ச ஆக்கள் போனா டேப்ப விட்டுப்போட்டு முக்காட்டப் பிடிப்பா. ஒரு பக்கத்த நாலு தரம் அளந்தன். இனி அவட தங்கச்சிர ரெண்டு வளவு கிடக்கு. அதுக்கங்கால எத்தனையோ. மற்ற நுனிய ஆர் பிடிக்கிற?" திரைப் பக்கம் திரும்பினாள். "டோஹாவில இருந்து பிடிக்கேலாது."

அவன் அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அந்த நேரம் பார்த்து மேசையில் கிடந்த போன் அடித்தது. அதன் திரையில் ஏஜென்சிக்காரரின் பெயர்.

கண்ணகை பிளானில் கீறியிருந்த ஒரு கோட்டைத் தேவையில்லாமல் அழித்தாள். அவன் போனை எடுத்தான்.

"ஓம் அண்ண... ஓம், தீர்த்தம் நாளையிண்டைக்கிதான்... தெரியும் அண்ண, காத்திருக்கிறாங்க எண்டு தெரியும்." முற்றத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். "இல்ல அண்ண. நான் பாஸ்போட்ட எடுக்க வாறன்... இல்ல, போறதுக்கில்ல. வீட்டில வைக்கிறதுக்கு."

போனை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

"ஏன் அப்படிச் சொன்னனீங்க?" அவளுக்குத்தான் இப்போது பயமாக இருந்தது. "இன்னும் பாசாகல்லயே! நாளைக்கி அவர் வேற ஏதும் பிழை பிடிச்சா?"

"பிடிச்சா அடுத்த மாசம் பாசாகும்."

"அதுவரைக்கும் என்னத்தத் தின்னுற?"

"என்னக் கேட்டா? எனக்கும் தெரியாது." தாளை மடியில் திருப்பி வைத்தான். "கடப்பு மூணு அடி. கீறு. கறண்ட் போகப்போகுது."

அவள் கீறினாள். கண் மங்கியதால் முதல் கோடு வளைந்துபோனது. அழித்துவிட்டுத் திரும்பவும் கீறினாள்.

*

காலையில் பஸ் ஓடவில்லை. எங்கோ ஏதோ நடந்திருந்தது. என்னவென்று கேட்க நேரமில்லை. அருமைநாயகம் பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளை இரந்து வாங்கி வந்தான். செக்பொயின்ற்களில் இறங்கி, தள்ளி, ஏறி, காத்தான்குடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மீராசாஹிப் கடையின் ஒரு பலகையைத்தான் கழற்றியிருந்தார். மற்றப் பலகைகளை அருமைநாயகமே கழற்றிக் கொடுத்தான்.

பெரிய தாள் பிறின்றரிலிருந்து வெளியே வந்தது. எழுத்துகள் மீராசாஹிப் சொன்னதுபோலக் கோழி கிளறியவைதான். விளிம்பில் ஒரு வரியும் இல்லை. திகதிக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. இந்த மென்பொருள் அதைத் தானாக நிரப்பாது. கண்ணகை பேனையை வாங்கி அன்றைய திகதியைத் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்து வைத்தாள். எழுத முன்பு சுவரிலிருந்த நாட்காட்டியை இரண்டு தரம் பார்த்தாள்.

கந்தோரில் அப்துல் மஜீத் நேராக விளிம்புக்குத்தான் போனார். நான்கு பக்கமும் விரலை ஓட்டினார். பிறகு திகதியைத் தொட்டார். மை அவர் விரலில் ஒட்டியது.

"மை காயல்ல" என்றார்.

"இப்பதான் எழுதினது சேர்."

"நல்லது. இப்பதான் எண்டு ஆரும் பாத்தாலும் தெரியும்." கமிட்டிக்குப் போகும் கோப்புக் கட்டின் மேலே பிளானை வைத்தார். உள்ளே போகும்போது நின்று, "இந்த மதில்ல ஒரு வாசல் போட்டிரிக்கீங்க, அது?" என்று கேட்டார்.

கண்ணகை வாய் திறக்குமுன் ஆயிஷா உம்மா முந்திக்கொண்டார். "அது என்ட வாசல் சேர். அதுக்கும் திகதி வேணுமா?"

அவர் சிரித்துக்கொண்டே போனார். அவர் திரும்பி வரும்வரை கண்ணகையால் வாங்கில் இருக்க முடியவில்லை. விறாந்தையின் நீளத்தை நடந்தாள், திரும்பினாள், நடந்தாள். பெட்டிக்கடையில் வாங்கிய சோடாவைக் குடிக்க மறந்து கையிலேயே சூடாக்கினாள். கடைசியில் கதவு திறந்தது. அப்துல் மஜீத்தின் கையிலிருந்த தாளின் மூலையில் ஊதா நிற முத்திரை விழுந்திருந்தது.

ஆயிஷா உம்மா முத்திரையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். வாய்க்குள் எதையோ ஓதினார். பிறகு கண்ணகையின் பின்னால் நின்றவனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"இவருதானாகா வெளிநாட்டுக்குப் போறவரு?"

"இல்ல உம்மா" என்றான் அருமைநாயகம். சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்துக் காட்டினான். "நான் டேப்புப் பிடிக்கிறவன்."

"அப்ப ஏன் நிக்கீங்க? வாங்க, தங்கச்சிர வளவு கிட்டத்தான். எனக்கு டேப்புப் பிடிச்சிப் பிடிச்சிக் கை உளையுது."

*

பொழுது சாயும் நேரத்தில்தான் வீட்டுக்கு வந்தார்கள். விறாந்தையில் சூட்கேஸ் இன்னும் திறந்தபடி கிடந்தது. அருமைநாயகம் அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுக் கிணற்றடிக்குப் போனான். கண்ணகை கொம்பியூட்டரைப் போட்டாள். நேற்று இரவிலிருந்து அதன் நாட்காட்டியை அவள் பின்னுக்குத் தள்ளவில்லை. சரியான திகதிக்குக் கொண்டுவந்து அப்படியே விட்டிருந்தாள். பழைய மென்பொருளின் படத்தை ஒருதரம் அமுக்கிப் பார்த்தாள். காலம் முடிந்துவிட்டது என்று ஒரு கட்டம் வந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடினாள்.

ஈரத் தலையோடு வந்த அருமைநாயகம் எட்டிப் பார்த்தான். "ஆ, வருசம் பிறந்திட்டு!" என்று கையை நீட்டினான். "வருசத்துக் காசு, கைவிசேஷம் தா."

"ஆனியில கைவிசேஷமா?"

"சித்திரையில நீ தரவே இல்லயே. அப்ப கந்தோர் பூட்டினாங்க எண்டு மூலையில இருந்து அழுதுகொண்டிருந்தாய்."

மெய்தான். அந்த வருசப் பிறப்புக்கு அவர்கள் வீட்டில் பால் பொங்கவும் இல்லை. கண்ணகை பைக்குள் கைவிட்டு, மீராசாஹிப் மிச்சமாகத் தந்த காசுத்தாள் ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

வாவிக்கு அப்பால் மறுபடியும் சத்தம். இந்தத் தரம் நெருக்கமாக. வீதியில் யாரோ பெயர் சொல்லிப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். அருமைநாயகம் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தான்.

"தீர்த்தத்துக்குப் போவமா? பாதை திறந்திருந்தா."

"எப்ப தீர்த்தம்?"

"நாளைக்கி. இண்டைக்கித் திகதி என்ன, உனக்குத் தெரியாதா?"

கண்ணகை திரையின் மூலையைப் பார்த்து அன்றைய திகதியைச் சொன்னாள்.